பச்சை ஹெட்செட் புராணம்

போன சனிக்கிழமை செம கடுப்பு.

எங்க ஃப்ளையிங் கிளப்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்குப் போகுது. "ஹெட்செட் ஒண்ணு வாங்கணும், கம்மி விலையில எது நல்லாருக்கும்?"னு கேட்டுச்சு. காபி மெஷின் பக்கத்துல நின்ன அத்தனை பேரும் ஒரே குரல்ல, "போஸ் வாங்கு."

கம்மி விலைன்னு கேட்ட பொண்ணுகிட்ட!

காது போச்சுன்னா திரும்ப வராதுன்னு ஒருத்தர் தத்துவம் வேற சொன்னார்.

போஸ் ஏ30 புதுசு ஆயிரத்து இருநூறு டாலரைத் தாண்டும். அந்தக் காசுக்கு எங்க கிளப்போட செஸ்னா 172-ஐ ஆறு மணி நேரம் ஓட்டலாம். லைசென்ஸ் வாங்க சட்டப்படி குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல ஆறு மணி நேரத்தைக் கழட்டித் தலையில மாட்டிக்கோன்னு சொல்றாங்க. கேக்கறவங்களுக்கு வீட்டு வாடகை இருக்கும், படிப்புக் கடன் இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல.

அந்தப் பொண்ணுகிட்ட அன்னைக்கு நின்னு நிதானமா பேச முடியல, எனக்குப் பின்னாடி விமானம் புக் பண்ணினவர் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னார். அதான் இங்க கொட்டறேன்.

முதல்ல என் ஜாதகம். சான் ஹோசேல ரீட்-ஹில்வியூன்னு ஒரு சின்ன ஏர்போர்ட், ஈஸ்ட்ரிட்ஜ் மாலை ஒட்டி. அங்கதான் பறக்கறேன். ஏர்லைன் பைலட்லாம் கிடையாது. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, காசும் நேரமும் வானிலையும் ஒண்ணா அமைஞ்சா வாட்சன்வில்லோ ஹாஃப் மூன் பேயோ போய் ஏதாவது கொறிச்சுட்டு வர்ற ஆளு. பிரைவேட் பைலட்னா பறக்கறதுக்குக் கூலி வாங்கக் கூடாது. அதாவது வரவே இல்லாத ஒரு பொழப்பு. ("இதுக்குப் பேரு பொழப்பா?"ன்னு வீட்ல கேட்டாச்சு.)

ஹெட்செட்னு சொன்னதும் மீட்டிங்ல மாட்டிக்கற சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. செஸ்னா 172-ல உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும். முன்னாடி நாலு சிலிண்டர் இன்ஜின், அதுக்கு முன்னாடி காத்தை வெட்டற ப்ரொப்பெல்லர், நடுவுல தடுப்புன்னு பேருக்கு ஒரு மெல்லிசு தகரம். நம்ம ஊர் பழைய டவுன் பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துல பானெட்டை ஒட்டி ஒரு சீட் இருக்குமே, அதுல ரெண்டு மணி நேரம் உக்காந்து போற மாதிரி. கேபினுக்குள்ள 90 டெசிபெல் தாராளமா வரும். 85 டெசிபெல் சத்தத்துல தினம் எட்டு மணி நேரம்தான் காதுக்கு வரம்புன்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் சொல்லுது. டெசிபெல் மூணு கூடினா அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுக்கோங்க.

அதனால காது முக்கியம்கறதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. காதுக்காக ஆயிரம் டாலர் கட்டாயம் செலவழிக்கணுமாங்கறதுதான் சண்டை.

(சட்டப்படி எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஹெட்செட்டே கட்டாயம் இல்ல. பழைய செஸ்னாவுல எல்லாம் கூரையில ஒரு ஸ்பீக்கர், கையில பிடிச்சுப் பேச ஒரு மைக், அவ்வளவுதான். அதுலயே பறந்த தாத்தாக்கள் இன்னும் எங்க ஏர்போர்ட்ல இருக்காங்க. அவங்ககிட்ட எதையும் மூணு தடவை சொல்லணும். காரணம் இதுதான்.)

ஹெட்செட்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு பாசிவ். கனமான குடுவை மாதிரி ஒரு கப், சுத்தி மெத்தை, காதை அமுக்கிப் பிடிச்சு சத்தத்தை வெளியவே நிறுத்தற வகை. பேட்டரி கிடையாது. இன்னொண்ணு ஏஎன்ஆர். கப்புக்குள்ள குட்டி மைக் வச்சு, உள்ள வர்ற இரைச்சலைக் கேட்டு, அதுக்கு நேரெதிர் அலையை ஸ்பீக்கர்ல விட்டு அடக்கற வகை. இன்ஜினோட அடித்தொண்டை உறுமல் இருக்கு பாருங்க, அதை ஏஎன்ஆர் அப்படியே துடைச்சு எடுத்துடும். கீச்சுன்னு வர்ற மேல் ஸ்தாயி சத்தத்துக்கு அதுக்கும் கப்பும் மெத்தையும்தான் கதி.

போஸ் இந்த ஏஎன்ஆர் வகை. அது மேல எனக்குக் கோபமே இல்ல, அதையும் சொல்லிடறேன். கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸோட அப்பா வங்காளத்துல வெள்ளைக்காரனை எதிர்த்துட்டு அமெரிக்காவுக்குத் தப்பி வந்த சுதந்திரப் போராட்டக்காரர். மகன் எம்ஐடில பேராசிரியரா இருந்தார். 1978-ல ஜூரிக்ல இருந்து விமானத்துல வரும்போது, குடுத்த ஹெட்ஃபோன்ல இரைச்சல் தவிர ஒண்ணும் கேக்காம, சத்தத்தை சத்தத்தாலயே அடக்கலாமான்னு அந்தப் பயணத்துலயே கணக்குப் போட ஆரம்பிச்சார். 1986 டிசம்பர்ல டிக் ருடானும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்துல, நடுவுல எங்கயும் இறங்காம, எண்ணெய் நிரப்பாம, ஒன்பது நாள்ல உலகத்தைச் சுத்தினாங்க இல்லையா, அப்ப அவங்க காதைக் காப்பாத்த போஸோட முன்மாதிரி ஹெட்செட்டுங்க போச்சு. 1989-ல கடைக்கு வந்துச்சு. நல்ல சரக்குதான். மறுக்கல.

ஆனா டேவிட் கிளார்க் கதை அதைவிட சுவாரசியம்.

மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்னு ஒரு ஊர். 1935-ல ஆரம்பிச்ச கம்பெனி. முதல்ல என்ன பண்ணாங்க தெரியுமா? பொம்பளைங்க உள்ளாடை. நெஜமாத்தான். உடம்பை இறுக்கிப் பிடிக்கற துணி நெய்யற வித்தை கைவசம் இருந்ததால, ரெண்டாம் உலகப் போர்ல போர் விமானிங்களுக்கு இறுக்கு உடை, அப்புறம் பிரஷர் சூட், அப்புறம் நாசாவோட ஜெமினி விண்வெளி உடைன்னு போய்ட்டாங்க. 1965-ல எட் வைட் விண்வெளியில மிதந்தாரே, போட்டிருந்தது இவங்க தைச்ச உடை. அதே கம்பெனிதான் எழுபதுகள்ல சின்ன விமானக்காரங்களுக்குப் பச்சைக் கலர் குடுவை ஹெட்செட் குடுத்துச்சு. ஹெச்10-13.4-னு ஒரு மாடல் இன்னைக்கும் அதே பச்சைல, கிட்டத்தட்ட அதே ரூபத்துல வருது. 23 டெசிபெல் குறைக்கும்னு போட்டிருப்பாங்க. அரைக் கிலோ கனம். ரெண்டு மணி நேரம் போனா உச்சந்தலையில ஒரு இடம் நமநமன்னு வலிக்கும். பாக்க ஏர்போர்ட்ல கொடி காட்டற ஆள் மாதிரி இருப்போம்.

ஆனா சாகாது. இந்தப் பதிவுக்கு அதுதான் முக்கியம்.

செகண்ட் ஹேண்ட்ல எதை வாங்கினாலும் நான் ஒண்ணுதான் பாப்பேன்: உடைஞ்சா பார்ட்ஸ் கிடைக்குமா? டேவிட் கிளார்க்ல இயர் சீல், தலை மெத்தை, மைக், மைக் பஞ்சு, ஒயர், எல்லாமே தனித்தனியா வாங்கலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சா போதும், மாத்திடலாம். உங்களவிட வயசான ஹெட்செட்டா இருந்தாலும் புதுசாக்கிடலாம். பழைய ஏஎன்ஆர் அப்படி இல்ல. உள்ள இருக்கறது எலெக்ட்ரானிக்ஸ். மாடல் பழசானா சில கம்பெனிங்க சர்வீஸையே நிறுத்திடுவாங்க. அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக், அதுவும் காதை ஒழுங்கா அமுக்காத பிளாஸ்டிக். ஏன்னா ஏஎன்ஆர் ஹெட்செட்ல சொகுசுக்காக அமுக்கற பலத்தைக் குறைச்சிருப்பாங்க. கரெண்ட் போச்சுன்னா பாதுகாப்பும் கூடவே பெருசா குறைஞ்சிடும்.

சரி, யாரு விப்பாங்க? எனக்குத் தெரிஞ்சு இதை விக்கறவங்க நாலு தினுசு. பறக்கக் கத்துக்க ஆரம்பிச்சு, கல்யாணமோ குழந்தையோ லேஆஃபோ வந்து நடுவுல விட்டவங்க (இவங்க சரக்கு புத்தம் புதுசா இருக்கும், பெட்டி கூட பத்திரமா இருக்கும்). மெடிக்கல் சர்டிஃபிகேட் போன பெரியவங்க. வீட்டுக்காரர் போனப்புறம் ஹேங்கரைக் காலி பண்ற அம்மாக்கள். கடைசியா நம்ம போஸ் பக்தர்கள். போஸ் வாங்கினதும் பழைய பச்சையைத் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. இவங்ககிட்ட வாங்கறதுதான் இருக்கறதுலயே லாபம், ஏன்னா மனசுக்குள்ள அதுக்கு அவங்க எப்பவோ விலை பூஜ்யம் போட்டுட்டாங்க.

எங்க தேடறது? ஆன்லைனுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஏர்போர்ட் நோட்டீஸ் போர்டு. குண்டூசில குத்தின, வெயில்ல மஞ்சளான சீட்டு. அதுலதான் நல்லது மாட்டும். வாங்கற எடத்துலயே விமானத்துல சொருகிப் பாக்கலாம்கறது அதுல இருக்கற பெரிய வசதி.

ஈபேல வாங்கினா என்ன ஆகும்னு எங்க கிளப் நண்பர் ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து அனுபவிச்சுட்டார்.

மனுஷன் 45 டாலருக்கு ஒரு டேவிட் கிளார்க் பிடிச்சார். அதே பச்சை. அதே குடுவை. போட்டோவுல அச்சு அசல். வந்ததும் பாத்தா ஹெச்10-76. ராணுவ மாடல். பிளக் ஒத்தைப் பிளக்கா இருந்துச்சு. ஹெலிகாப்டர் பிளக்தானேன்னு ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினார். காதுல ஏதோ கேக்குது. மைக்ல பேசினா ஒண்ணுமே போகல. கத்தினார். ஊஹூம். இன்டர்காம் நாபை எல்லாம் முறுக்கினார். பக்கத்து சீட்ல இருந்த எனக்கு அவர் வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. நிம்மதியாத்தான் இருந்துச்சுன்னு வைங்க.

விஷயம் என்னன்னா, சின்ன விமானத்துல வர்றது ரெட்டைப் பிளக். குண்டா இருக்கறது காதுக்கு, கால் இஞ்ச் விட்டம். கொஞ்சம் ஒல்லியா இருக்கறது மைக்குக்கு. மாத்திச் சொருக முடியாம இருக்கத்தான் ரெண்டு அளவு. (இந்தக் கால் இஞ்ச் பிளக் 19-ஆம் நூற்றாண்டு டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டருங்க சொருகிச் சொருகி எடுப்பாங்களே, அந்தப் பரம்பரை. ஐபேட்ல மேப் பாத்துக்கிட்டே அந்தப் பிளக்கைச் சொருகறோம்.) மைக் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்துல விமானத்துல கார்பன் மைக். அதுக்கு ரேடியோவே கொஞ்சம் மின்சாரம் அனுப்பணும். கார்பன் மைக் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா ரேடியோ இன்னும் அந்த மின்சாரத்தை அனுப்பிக்கிட்டுதான் இருக்கு. இப்ப இருக்கற மைக்குள்ள ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் உக்காந்து அந்த மின்சாரத்தைக் குடிச்சுக்கிட்டு, நான்தான் கார்பன் மைக்னு நடிக்குது. ராணுவ மைக் இந்த நாடகத்துல சேராது. அது அஞ்சு ஓம் டைனமிக் மைக். அது குடுக்கற சிக்னல் நம்ம ரேடியோவுக்குப் பத்தவே பத்தாது. சும்மா பிளக் வடிவத்தை மாத்தற அடாப்டரால இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால கம்மி விலையில பச்சைக் குடுவையப் பாத்தா மாடல் நம்பர் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க.

போஸ்லயும் இதே மாதிரி ஒரு பிளக் பொறி இருக்கு. பழைய ஏ20 ஒண்ணு மத்ததைவிட நூறு, இருநூறு கம்மியா தெரிஞ்சா ஒயர் நுனியைப் பாருங்க. ஆறு முள்ளு இருக்கற சின்ன வட்டப் பிளக்கா இருக்கலாம். அது விமானத்துல இருந்தே பவர் எடுக்கற வகை, சொந்தமா சிர்ரஸ் விமானம் வச்சிருக்கற பணக்காரங்களுக்கு சௌகரியம். வாடகை 172-ல அதுக்கு ஓட்டையே இருக்காது. அடாப்டர் இருக்கு, ஆனா மிச்சம் பிடிச்ச காசு அதுல போய்டும்.

இப்ப நான் எப்படி வாங்கினேன்னு சொல்றேன்.

அதுவரைக்கும் கிளப் ஹெட்செட்லதான் காலம் ஓடுச்சு. கிளப் ஹெட்செட்னா பொதுச் சொத்து. மெத்தை தோலு உரிஞ்சு, நம்ம காதுல கருப்புத் துகள் ஒட்டும். மைக் பஞ்சுல எனக்கு முன்னாடி பறந்தவர் சாப்பிட்ட வெங்காய பேகலோட வாசனை. தலைப் பட்டையில எண்ணெய்க் கறை. (அது என்னோடதாவும் இருக்கலாம். தேங்காய் எண்ணெயை விட முடியாது, மன்னிக்கணும்.)

சான் மார்ட்டின்ல ஒரு ஏர்போர்ட் இருக்கு. அங்க நோட்டீஸ் போர்டுல சீட்டு: டேவிட் கிளார்க், 125 டாலர், மைக் கொஞ்சம் வீக். ஃபோன் பண்ணினேன். எண்பதைத் தொடற பெரியவர். இதய ஆபரேஷன் ஆகி, இனிமே பறக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார். விமானம் விலை போற வரைக்கும் ஹேங்கர்லயே நிக்குது. அது என் அதிர்ஷ்டம்.

முதல்ல கையில வாங்கிப் பாத்தேன். இயர் சீல் கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. அது பரவால்ல, மாத்திக்கலாம். ஜெல் சீலா இருந்து, பிசுபிசுன்னு எண்ணெய் கசிஞ்சிருந்தா அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். விலை பேச உதவும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஒயர்லதான். ஒயர் பிளக்குக்குள்ள நுழையற கழுத்து இருக்கு பாருங்க, எல்லாரும் பிளக்கைப் பிடிச்சு இழுக்காம ஒயரைப் பிடிச்சு இழுப்பாங்க, அங்கதான் உள்ள கம்பி அறுந்திருக்கும். வெளிய தெரியாது. சொருகி, பேசிக்கிட்டே அந்தக் கழுத்தை நாலு பக்கமும் வளைச்சுப் பாக்கணும். கரகரன்னா அங்க கோளாறு. பிளக் பித்தளை கருத்திருந்தாலும் கரகரக்கும், அது துணியில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போய்டும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதல்ல துடைங்க, அப்புறம் வளைங்க.

பெரியவரு மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டார், ஏவியானிக்ஸ் போட்டார், இன்டர்காமைத் திறந்தார். "டெஸ்டிங், ஒன் டூ த்ரீ"ன்னேன். நெஜமாவே மைக் வீக். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. ஒயரை வளைச்சேன், கரகரப்பே இல்ல. அப்ப ஒயர் நல்லாருக்கு. வால்யூமும் ரெண்டு காதுலயும் சமம்.

மைக் பஞ்சை உருவினேன்.

இந்த மைக்குங்களுக்கு முன்னாடி பின்னாடி உண்டு. ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். ரெண்டு பக்கமும் சமமா வர்ற சத்தத்தை இரைச்சல்னு எடுத்துக்கிட்டுக் கழிச்சுடும், உதட்டுப் பக்கம் கிட்டக்க வர்றதை மட்டும் குரல்னு அனுப்பும். அதனால உதட்டுப் பக்கம் எதுன்னு ஒரு குறி போட்டிருப்பாங்க (போஸ்ல ஒரு வெள்ளைப் புள்ளி). பெரியவரோட மைக்ல அந்தக் குறி வெளிப்பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. யாரோ எப்பவோ மைக் தண்டை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினப்ப திருப்பி வைக்க மறந்திருக்காங்க. மேல பஞ்சு மூடினதுல யாருக்கும் தெரியல.

திருப்பினேன். உதட்டுக்கு ரெண்டு விரக்கடைக்கும் கம்மியா கொண்டு வந்தேன். "ஒன் டூ..."ன்னு ஆரம்பிச்சதும் பெரியவர் அவர் காதுல இருந்த ஹெட்செட்டைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டார்.

பேசாம திருப்பிட்டு, வீக் மைக் விலையில எடுத்துட்டு வந்திருக்கலாமேன்னு எங்க வீட்ல கேட்டாங்க. அவர் முன்னாடிதானே திருப்பினேன்! விலையை ஏத்துவாரோன்னு ஒரு நிமிஷம் பயம் இருந்துச்சு. ஏத்தல. "இத்தனை வருஷமா டவர்ல என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாங்க. அவங்களுக்குக் காது கேக்கலைன்னு நினைச்சேன்"னு சிரிச்சார். 125-க்கே குடுத்தார்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஹேங்கருக்கு வெளிய நிறுத்தி இன்ஜினை ஓட்டிக் காட்டினார். இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க. இன்ஜின் ஓடாம எந்த ஹெட்செட்டும் அருமையாத்தான் கேக்கும். குறிப்பா ஏஎன்ஆர் வாங்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு காதுல ஏஎன்ஆர் வேலை செஞ்சு இன்னொரு காதுல படுத்திருந்தா, அமைதியான ரூம்ல கண்டுபிடிக்கறது கஷ்டம். இன்ஜினை ஓட விட்டு, ஸ்விட்சை ஆன் பண்ணி, ஆஃப் பண்ணி, ஒவ்வொரு காதாக் கேக்கணும். தலையை நாலு பக்கமும் ஆட்டணும். அப்ப டப் டப்னோ கீச்சுன்னோ சத்தம் வந்தா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

வீட்டுக்கு வந்து இயர் சீல், தலை மெத்தை, மைக் பஞ்சு மூணும் ஆர்டர் பண்ணினேன். எல்லாம் சேத்து மொத்தக் கணக்கு இருநூறு டாலருக்குள்ள முடிஞ்சுது. அதாவது விமான வாடகையில ஒரு மணி நேரம். மாத்தறதுக்கு ஒரு சாயங்காலம். பழைய மெத்தையை உரிக்கும்போது உள்ள இருந்த பஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்து டைனிங் டேபிள் முழுக்க பரவினதைப் பத்தி இங்க எழுத வேண்டாம்னு உத்தரவு.

பச்சையைப் போட்டுக்கிட்டா போஸ் அளவுக்கு அமைதி கிடைக்குமா? கிடைக்காது. ஆனா ஒரு வித்தை இருக்கு. மருந்துக் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்குமே, உருட்டிக் காதுல வைக்கற பஞ்சு, அதைக் காதுல வச்சுட்டு மேல ஹெட்செட்டை மாட்டுங்க. ஹெட்செட் வால்யூமைக் கூட்டிக்கோங்க. இன்ஜின் சத்தம் பொத்துன்னு விழுந்துடும், குரல் தெளிவாக் கேக்கும். போஸ் பக்தர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், எனக்குக் கேக்காது.

இன்னொண்ணு, கூலிங் கிளாஸ். தடிமனான காம்பு இருந்தா இயர் சீலுக்கும் மண்டைக்கும் நடுவுல இடைவெளி விழும். அது வழியா இரைச்சல் உள்ள வரும். எந்த விலை ஹெட்செட்டா இருந்தாலும் இதே கதிதான். ஹெட்செட் சரியில்லைன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு நோய் அங்கதான். மெல்லிசு கம்பிக் காம்பு வச்ச கண்ணாடி வாங்குங்க.

ஸ்டீரியோ, மோனோன்னு ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. மாட்டினதும் ஒரு காதுல மட்டும் கேட்டா ஹெட்செட் செத்துடுச்சுன்னு அலறாதீங்க. ஸ்டீரியோ ஹெட்செட்டை மோனோ விமானத்துல சொருகினா அப்படித்தான் ஆகும். கப்புலயோ ஒயர்ல இருக்கற பெட்டிலயோ சின்ன ஸ்விட்ச் இருக்கும், தள்ளி விட்டா சரியாகிடும். ஒரு காது போச்சுன்னு யாராவது சல்லிசா விக்கறாங்கன்னா, இதுவா இருக்குமான்னு ஒரு தடவை யோசிங்க. (யோசிச்சுட்டு, விக்கறவர்கிட்டயும் சொல்லிடுங்க.)

கூட வர்றவங்களுக்கு? அவங்களுக்கும் செகண்ட் ஹேண்ட் பாசிவ்தான், கேள்வியே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஏறி உக்காந்து, கீழ தெரியற கடலை போட்டோ எடுக்கற மச்சானுக்கு எதுக்கு ஏஎன்ஆர்? மைக் வேலை செய்யலைன்னா கூட சில மச்சான்களுக்கு அது சிறப்பு அம்சம். எங்க விமானத்துல ஆடியோ பேனல்ல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா பின்னாடி இருக்கறவங்க பேசறது பைலட்டுக்குக் கேக்காது. ஏர்போர்ட் நெருங்கும்போது டவர் சொல்றது ஒழுங்காக் கேக்கணும்னு வச்சிருக்காங்க. அந்தப் பட்டன் எதுக்குன்னு எங்க வீட்ல இப்ப தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அதை அமுக்கறதுக்கு எனக்கு தைரியம் இல்ல.

எப்ப போஸோ லைட்ஸ்பீட் மாதிரி வேற ஏஎன்ஆரோ வாங்கலாம்னு கேட்டா: வாரா வாரம் மூணு நாலு மணி நேரம் பறக்கறீங்க, மேகத்துக்குள்ள போற இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வரைக்கும் போகப் போறீங்க, களைப்பு ஒரு ஆபத்தா மாறுதுன்னா தாராளமா வாங்குங்க. அந்த உறுமல் ரெண்டு மூணு மணி நேரம் மண்டையில அடிக்கறது மனுஷனை நெஜமாவே சோர்வாக்கும். அப்பவும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா சீரியல் நம்பரை வாங்கி கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு, இந்த மாடலுக்கு இன்னும் சர்வீஸ் பண்றீங்களா, என்ன செலவாகும்னு கேட்டுட்டுப் பணம் குடுங்க. விமானத்துல இருந்து ஹெட்செட் திருடு போறது சகஜம், அதனால சீரியல் நம்பர் சொல்லத் தயங்கற ஆளா இருந்தா அதோட நிறுத்திக்கோங்க.

பறக்கக் கத்துக்க வந்த பொண்ணுக்கு என் பதில்: பழைய டேவிட் கிளார்க் ஹெச்10-13.4, ரெட்டைப் பிளக், புது இயர் சீல், காதுல பஞ்சு. மிச்சக் காசுக்குப் பற. லைசென்ஸ் வாங்கினப்புறமும் ஆசை இருந்தா போஸ் எங்கயும் ஓடிப் போகாது. அப்ப இந்தப் பச்சையை அடுத்து வர்ற ஆளுக்குக் குடுத்த விலைக்கே வித்துடலாம், விலை பெருசா இறங்கவே இறங்காது.

கராஜ்ல பழைய ஹெட்செட்டைத் தூங்க வச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறக்கறதை விட்டுட்டீங்கன்னா ஏர்போர்ட் போர்டுல ஒரு சீட்டு குத்துங்க, யாராவது ஒரு ஸ்டூடண்ட் வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. ஏஎன்ஆர் வகையா இருந்தா, விக்கப் போறீங்களோ இல்லையோ, இன்னைக்கே அந்த ரெண்டு ஏஏ பேட்டரியையும் வெளிய எடுத்து வைங்க. உள்ள கசிஞ்சு பச்சை பூத்த பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டி நூறு டாலர் கேக்கறவங்க தொல்லை தாங்கல.